இரண்டாம் மாடி வீட்டுக்கு எந்த ஸ்ட்ரோலர்?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. மனைவிக்கு ஏழாம் மாதம், தலைப்பிரசவம். வேளச்சேரியில் இரண்டாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது. காரும் கிடையாது, ஸ்கூட்டரும் ஆட்டோவும்தான். பட்ஜெட் பத்தாயிரம், கொஞ்சம் முன்னே பின்னே. எடை குறைந்த ஸ்ட்ரோலர் ஒன்றைக் குழந்தை பிறக்கும் முன்பே வாங்கி வைத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். "பிறக்காத பிள்ளைக்கு வண்டி வாங்காதே" என்று அம்மா தடுக்கிறார். எது வாங்கலாம்?

முதலில், அம்மா பேச்சைக் கேளுங்கள். அவர் சொல்வது சாஸ்திரத்துக்காக. நான் அதையே சொல்வதற்கு வேறு காரணம் இருக்கிறது.

என்னைப் பற்றி இரண்டு வரி. அப்பாவுக்கு மேற்கு மாம்பலத்தில் சைக்கிள் கடை. சக்கரத்துக்குக் கோட்டம் எடுத்தே வளர்ந்தவன் நான். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஓர் அம்மா முன்சக்கரம் ஆடுகிறது என்று குழந்தை வண்டி ஒன்றைக் கொண்டுவந்தார். சரி செய்து கொடுத்தேன். அவர் நாலு பேரிடம் சொன்னார். இப்போது வாரத்துக்கு நான்கைந்து வந்துவிடுகின்றன. நான் வண்டி விற்பதில்லை, பழுது மட்டும்தான் பார்க்கிறேன். அதனால் எது எங்கே உடையும் என்று தெரியும். எது பரணிலேயே கிடந்தது என்பதும் தெரியும். இரண்டாவது குழந்தைக்காகத் தூசு தட்டி எடுத்து வரும்போது சக்கரத்தைப் பார்த்தாலே போதும். பாதி வண்டிகளில் சக்கரம் தேயவே தேய்ந்திருக்காது.

ஏன் காத்திருக்கச் சொல்கிறேன் என்றால், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குழந்தை மதுரையில் பிறக்கும், மூன்று மாதமோ ஐந்து மாதமோ கழித்துத்தான் வேளச்சேரிக்கு வரும். அதுவரை வண்டி உங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும், கடைக்காரர் கொடுத்த மாற்றித்தரும் நாட்கள் ஓடிப்போகும், வாரண்டியில் பாதி கரையும். முதல் நாள் தள்ளிப் பார்க்கும்போது சக்கரம் இழுத்தால் யாரிடம் போய் நிற்பீர்கள்? இப்படி ஏமாந்து வருகிறவர்களை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன்.

இதைவிடப் பெரிய காரணம் குழந்தையின் கழுத்து. எடை குறைந்த ஸ்ட்ரோலர்கள் பெரும்பாலும் உட்கார்ந்து போகும் குழந்தைக்காகச் செய்தவை. பிறந்த குழந்தைக்குத் தலை நிற்காது. முதுகு சரிந்த இருக்கையில் உட்கார வைத்தால் தலை முன்னால் தொங்கி, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சுக்குழாய் மடங்கும். ஐரோப்பாவில் குழந்தை வண்டிகளுக்கு இ.என். 1888 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு என்று சொல்லி விற்கவேண்டுமானால், இருக்கைக்கும் சாய்மானத்துக்கும் நடுவில் குறைந்தது 150 பாகை விரிய வேண்டும் என்கிறது அது. கிட்டத்தட்டப் படுத்த நிலை. கடையில் "பிறந்த குழந்தைக்கும் ஆகும் சார்" என்று காட்டுகிற பல லேசான வண்டிகளைக் கீழே வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். சாய்ந்த ஈசிச்சேர் அளவுக்குத்தான் வரும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் ஸ்ட்ரோலர், கார் சீட் போன்ற உட்காரும் சாதனங்களை வழக்கமான தூக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, குறிப்பாக நான்கு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கூடவே கூடாது என்கிறது. வழியில் தூங்கிவிட்டால், வீடு வந்ததும் எழுந்துவிடுமே என்று பயந்து அப்படியே விட்டுவைக்காமல், சமதளமான படுக்கைக்கு மாற்றிவிட வேண்டும். (தூளி பற்றி அடுத்த கேள்வி வரும் என்று தெரியும். அது தனிச் சண்டை, இங்கே வேண்டாம்.)

ஆக, குழந்தை ஐந்து, ஆறு மாதமாகி வேளச்சேரிக்கு வந்த பிறகு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய் வாங்குங்கள். அதுவரை தோளும் மடியும் போதும்.

இப்போது எடை. எல்லோரும் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை கிலோ?" என்பதுதான். பெட்டியில் 4.5 கிலோ, 5 கிலோ என்று போட்டிருப்பார்கள். மேல்கூரை, கீழ்க்கூடை, முன்கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு நிறுத்த எடையாக அது இருப்பதுண்டு. லக்கேஜ் நிறுக்கிற சின்னத் தொங்கு தராசு ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.

ஆனால் நீங்கள் தூக்கப்போவது வண்டியை மட்டும் இல்லையே. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி ஆறு மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, பெண் குழந்தைக்கு 7.3. ஒரு வயதில் 9.6, 8.9. இரண்டு வயதில் 12.2, 11.5. இதோடு டயப்பர், வெந்நீர் பிளாஸ்க், மாற்றுத்துணி அடங்கிய பை இரண்டு கிலோ. இரண்டாம் மாடிக்கு முப்பத்தாறு படியோ நாற்பது படியோ இருக்கும். ஐந்து கிலோ வண்டிக்கும் ஆறரைக் கிலோ வண்டிக்கும் உள்ள ஒன்றரைக் கிலோ வித்தியாசம் இந்தக் கணக்கில் அவ்வளவு பெரிதில்லை. கடைசிப் பத்துப் படியில் உங்களைக் கொல்லப்போவது வண்டியின் வடிவம். மடித்தபின் உடம்போடு ஒட்டி நிற்கிறதா, தோளில் மாட்டப் பட்டை இருக்கிறதா, மாடி வளைவில் சுவரில் இடிக்கிறதா என்பதுதான்.

அதனால் கடையில் செய்ய வேண்டிய சோதனை ஒன்று சொல்கிறேன். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். குழந்தையை இடது இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் வண்டியை மடித்து, தூக்கி, தோளில் மாட்டி, பத்தடி நடந்து, திரும்ப வந்து விரியுங்கள். உங்கள் மனைவியும் இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் பகலில் தனியாக இறங்கப்போவது அவர்தான். "ஒரு கை மடிப்பு" என்று எழுதியிருக்கும் வண்டிகளில் பலவற்றைக் கடைப் பையன் இரண்டு கையும் ஒரு காலும் போட்டு மடிப்பான். வேகமாகச் செய்வதால் நமக்குத் தெரியாது. நீங்கள் செய்தால் தெரியும்.

மடிப்பில் இரண்டு ஜாதி. ஒன்று, குடை மாதிரி மடிந்து நீளமாகக் குச்சியாகிவிடுவது. இன்னொன்று, பெட்டி மாதிரி சுருங்கிக் கைப்பை அளவுக்கு வருவது.

குடை மடிப்புக்கு ஒரு நல்ல கதை உண்டு. ஓவன் மக்லாரன் என்று பிரிட்டனில் ஒரு விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப்போரின் ஸ்பிட்ஃபயர் விமானத்துக்குச் சக்கரம் மடங்கும் கீழ்ப்பாகத்தை வடிவமைத்தவர்களில் ஒருவர். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் பேரக்குழந்தையோடு கனத்த பழைய பாணிக் குழந்தை வண்டியை இழுத்துக்கொண்டு அல்லாடுவதைப் பார்த்தார். விமானச் சக்கரத்தை மடித்தவருக்கு இது ஒரு வேலையா? அலுமினியக் குழாய்களை வைத்து 1965இல் ஒரு மடக்கு வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் கீழே. இன்று லேசான ஸ்ட்ரோலர் என்று நாம் சொல்வதெல்லாம் அந்த வண்டியின் பிள்ளை, பேரன்தான்.

ஆனால் உங்களுக்கு அது ஒத்து வராது. மடித்தால் ஒரு மீட்டருக்குக் குறையாமல் நீளம் இருக்கும், பல வண்டிகள் தானாக நிற்காது. ஆட்டோவில் குறுக்கே வைத்தால் ஒரு முனை வெளியே நீட்டும். கைப்பிடி இரண்டாகப் பிரிந்திருப்பதால் ஒரு கையால் தள்ளினால் வண்டி ஒரு பக்கமாக ஓடும். ஒரு கையில் குடையோ போனோ இல்லாமல் நம்மூரில் யார் நடக்கிறார்கள்? பெட்டி மடிப்பு வண்டியைப் பாருங்கள். மடித்தால் ஏறக்குறைய 55 செ.மீ. உயரம், 45 அகலம், 25 கனம். ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடத்தில் நிற்கும், வீட்டில் கதவுக்குப் பின்னால் நிற்கும். ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்திலும் நிற்கும்தான், ஆனால் வண்டியும் குழந்தையும் சேர்ந்து போகும் நாளில் ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

மூட்டுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 2009இல் அமெரிக்காவில் அந்தப் பழம்பெரும் மக்லாரன் நிறுவனமே சுமார் பத்து லட்சம் வண்டிகளின் மடிப்பு மூட்டுக்கு உறை கொடுக்க வேண்டி வந்தது. வண்டியை விரிக்கும்போது மூட்டில் சிக்கிக் குழந்தைகளின் விரல் நுனி துண்டானதாகப் பன்னிரண்டு புகார்கள். அதன்பின் நல்ல வண்டிகளில் மூட்டை மூடியே செய்கிறார்கள். மலிவு வண்டிகளில் இன்னும் திறந்த மூட்டைப் பார்க்கிறேன். உங்கள் சுண்டுவிரல் உள்ளே போனால் அந்த வண்டி வேண்டாம். எந்த வண்டியாக இருந்தாலும் விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை பக்கத்தில் இருக்கக் கூடாது.

இனி என் பேட்டை, சக்கரம்.

தள்ளிக்கொண்டு போகிற சக்கரம் தன் பாதி உயரத்துக்கு மேல் உள்ள தடையை எவ்வளவு தள்ளினாலும் ஏறாது. இது சைக்கிள் கடையில் கற்ற முதல் பாடம். லேசான வண்டிகளின் முன்சக்கரம் ஐந்து அல்லது ஆறு அங்குலம். பாதி என்றால் ஆறேழு சென்டிமீட்டர். அதிலும் பாதி உயரத்துக்கே நன்றாகத் திணறும். நம்மூர் நடைபாதை விளிம்பு ஒரு சாண் உயரம். ஆகவே சென்னையில் ஸ்ட்ரோலர் தள்ளுவது என்றால் பத்து அடிக்கு ஒரு முறை முன்சக்கரத்தைத் தூக்கி வைப்பது என்று அர்த்தம். கடையில் குழந்தையை உட்கார வைத்துக் கைப்பிடியைக் கீழே அழுத்திப் பாருங்கள். முன்சக்கரம் லேசாக மேலே வர வேண்டும். கைப்பிடி வளைந்து, சட்டம் முறுகி, கிரீச் என்று சத்தம் போட்டால் அது எடை குறைக்கக் குழாயின் கனத்தைக் குறைத்த வண்டி. ஆறு மாதத்தில் ரிவெட் தளர்ந்து என்னிடம் வரும். நாலு கிலோ வண்டி என்று சொல்லி வருகிறவற்றை நான் சந்தேகத்தோடு பார்ப்பது இதனால்தான். நன்றாகச் செய்த நாலரைக் கிலோ வண்டியும் உண்டு, ஆனால் அது உங்கள் பட்ஜெட்டில் வராது.

சக்கரத்தில் என்ன பொருள் என்று பாருங்கள். வெறும் கெட்டிப் பிளாஸ்டிக் என்றால் கடகடவென்று தெருவே திரும்பிப் பார்க்கும், அதிர்ச்சி முழுவதும் குழந்தையின் முதுகுக்குப் போகும். நுரை ரப்பர் மாதிரி இருக்கும் இ.வி.ஏ. சக்கரம் லேசானது, பஞ்சர் ஆகாது, ஆனால் தார் ரோட்டில் தேயும். பாலியூரித்தேன் கொஞ்சம் கனம், ஆனால் உழைக்கும். காற்றடிக்கிற டயர் இந்த எடையில் கிடைக்காது, அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். உங்களுக்கு இ.வி.ஏ.வே போதும். நீங்கள் மாரத்தான் ஓடப்போவதில்லை.

வண்டியைக் கவிழ்த்து ஒவ்வொரு சக்கரத்தையும் விரலால் சுண்டுங்கள். உள்ளே பால்ரஸ் இருந்தால் சத்தமில்லாமல் நாலைந்து சுற்று சுற்றும். வெறும் பிளாஸ்டிக் புஷ் என்றால் ஒன்றிரண்டு சுற்றில் நின்றுவிடும். சுற்றும்போது இப்படியும் அப்படியும் ஆடினால் கோட்டம். சைக்கிள் சக்கரம் என்றால் ஸ்போக்கை முறுக்கி எடுத்துவிடுவேன், இதில் எடுக்க முடியாது, வேறு வண்டி காட்டச் சொல்லுங்கள். முன்னால் ஒவ்வொரு காலிலும் இரட்டைச் சக்கரமா, ஒற்றைச் சக்கரமா என்றும் பாருங்கள். இரட்டையில் நடுவே கல் மாட்டிக்கொள்ளும். ஒற்றை, கொஞ்சம் பெரியதாக இருந்தால் நம் ரோட்டுக்கு மேல். முன்சக்கரம் தானாகத் திரும்பாமல் நேராகப் பூட்டும் வசதியும் வேண்டும். மழைநீர் வடிகால் மேல் போட்ட சிமெண்டுப் பலகைகளில் தள்ளும்போது பூட்டாவிட்டால் சக்கரம் இடுக்கில் திரும்பி மாட்டும், குழந்தை முன்னால் குலுங்கும்.

ஸ்பிரிங் இருக்கிறது என்பார்கள். இருக்கும், பேனா ஸ்பிரிங் அளவுக்கு. அதற்காக ஆயிரம் ரூபாய் அதிகம் கொடுக்க வேண்டாம்.

பிரேக்கைப் பற்றி வெளிநாட்டு வீடியோ எதிலும் சொல்லாத ஒன்று. அவர்கள் ஷூ போட்டுப் பார்க்கிறார்கள், நாம் செருப்பு. சில வண்டிகளில் பிரேக்கை விடுவிக்க மிதியைக் காலின் மேல்பக்கத்தால் மேலே நெம்ப வேண்டும். திறந்த விரலால் பத்து நாள் நெம்பினால் நகக்கண் வீங்கும். வலிக்குப் பயந்து பிரேக்கே போடாமல் விட்டுவிடுவார்கள், அதுதான் ஆபத்து. கீழே அழுத்தினால் பூட்டி, மறுபடி அழுத்தினால் விடுகிற மாதிரி, அதுவும் ஒரே மிதியில் இரண்டு பின்சக்கரமும் பூட்டுகிற மாதிரி பாருங்கள். போட்ட பின் கொஞ்சம் சரிவான இடத்தில் வைத்துத் தள்ளிப் பாருங்கள். ரயில், மெட்ரோ நடைமேடையில் நிற்கும்போது பிரேக் போட்டு, வண்டியைத் தண்டவாளத்தைப் பார்த்து வைக்காமல் அதற்கு இணையாக வையுங்கள்.

பெல்ட் ஐந்து முனை இருக்க வேண்டும்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, ஒன்று கால்களுக்கு நடுவில். அந்த நடுப்பட்டைதான் குழந்தை வழுக்கிக் கீழே இறங்காமல் பிடிப்பது. முன்னால் இருக்கும் கம்பி பிடித்துக்கொள்ள மட்டும், அது பெல்ட்டுக்கு மாற்று இல்லை. "அழுகிறான்" என்று தோள்பட்டையைக் கழற்றி எறிந்தவர்கள் நிறையப் பேர். அழட்டும்.

கைப்பிடியில் பை மாட்டுவதும் அப்படித்தான். எல்லோரும் செய்கிறோம், நானும் செய்திருக்கிறேன். லேசான வண்டியில் பின்சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மூன்று கிலோ பை, குழந்தையின் எடைக்கு எதிர்த்தராசு. குழந்தையைத் தூக்கிய நொடியில் வண்டி மல்லாக்க விழும். குழந்தை உள்ளே இருக்கும்போது ஏற்றத்தில் தள்ளினாலும் அதே கதை. பையைக் கீழ்க்கூடையில் போடுங்கள். கூடைக்குள் கை நுழைகிறதா என்று கடையிலேயே பாருங்கள், பல வண்டிகளில் இருக்கையைச் சாய்த்தால் கூடையின் வாய் மூடிக்கொள்ளும். கைப்பிடியின் உயரம் உங்கள் தொப்புளை ஒட்டி இருந்தால் நல்லது. உயரமானவர் என்றால் நடக்கும்போது குதிகால் பின் அச்சில் இடிக்கிறதா என்றும் நடந்து பாருங்கள்.

வெயில்தான் நம் பெரிய பிரச்சினை. மேல்கூரை முன்னால் நன்றாக இழுபடுகிறதா, முதுகுப் பக்கம் வலைத்துணி இருக்கிறதா என்று பாருங்கள். அழகாக இருக்கிறது என்று கறுப்பு வாங்காதீர்கள். வெயிலுக்கு வண்டியின் மேல் துணியைப் போர்த்துவது எல்லோரும் செய்வது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், உலர்ந்த மெல்லிய மஸ்லின் துணி போர்த்தியபோது வண்டிக்குள் வெப்பம் இரண்டரை டிகிரிக்கு மேல் கூடியது. அதே துணியை நனைத்து, ஒரு சின்ன விசிறியும் வைத்தபோது கிட்டத்தட்ட ஐந்து டிகிரி குறைந்தது. நம் சென்னைப் புழுக்கத்தில் ஈரத்துணி அவ்வளவு சீக்கிரம் காயாது, அதனால் அந்த அளவு குளிர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். பதினொன்றிலிருந்து நாலு வரை வீட்டில் இருப்பதே மேல். மெயின் ரோட்டையும் தவிருங்கள். வண்டியில் குழந்தையின் மூக்கு பஸ், ஆட்டோவின் சைலன்சர் உயரத்தில் இருக்கிறது.

சரி, பிறகு எங்கேதான் தள்ளுவது? அடுக்குமாடியின் தரைத்தளத்தில் கார் நிறுத்துமிடத்தில் மாலையில் ஒரு மணி நேரம். உங்கள் பக்கத்திலேயே இருக்கும் ஃபீனிக்ஸ் மால். மெட்ரோ ரயில் நிலையங்களில் லிஃப்டும், சக்கர நாற்காலிக்கான அகல வாசலும் உண்டு. 2019இல் அகலப்படுத்திய பாண்டி பஜார் நடைபாதையில் காலையில் போனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையும் நல்லதுதான், மணலில் மட்டும் இறக்காதீர்கள், சக்கரத்தில் உப்பு மணல் ஏறினால் நேராக என்னிடம்தான் வரவேண்டும். ரங்கநாதன் தெரு, கோயில், காய்கறிச் சந்தை எல்லாம் இடுப்புக்கே உரிய இடங்கள். கல்யாண மண்டபத்துக்குக் கொண்டுபோகலாம், ஆனால் குழந்தை கைக்குக் கை போய்விடும், வண்டியில் தாம்பூலப் பைகள் உட்கார்ந்திருக்கும். எஸ்கலேட்டரில் வண்டியோடு ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

மதுரைப் பயணத்துக்கு வருகிறேன். பகல் ரயிலில் மேலே லக்கேஜ் தட்டில் வைக்கலாம், விளிம்பில் வைக்காமல் உள்ளே தள்ளி வையுங்கள். இரவு ரயிலில் கீழ் பெர்த்துக்கு அடியில் போகும், அதற்கும் பெட்டி மடிப்புதான் வசதி. விமானம் என்றால், "கேபின் சைஸ்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை நம்பி ஏமாறாதீர்கள். அந்த வார்த்தை பெரும்பாலும் 56×45×25 செ.மீ. என்கிற வெளிநாட்டு அளவை வைத்துச் சொல்வது. இங்கே உள்நாட்டு விமானங்களில் வழக்கமான கைப்பை அளவு 55×35×25, எடை 7 கிலோ. பெயர்பெற்ற பேபிசென் யோயோவே மடித்தால் 52×44×18. அகலம் உதைக்கிறது. ஊழியர் மனம் வைத்தால் உள்ளே போகும், இல்லாவிட்டால் விமான வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் அங்கே கொடுக்க வேண்டியிருக்கும். அப்படிக் கொடுக்கும்போது உறை போட்டுக் கொடுங்கள். சரக்கில் போய்ச் சக்கரம் உடைந்து வந்ததைப் பலமுறை ஒட்டியிருக்கிறேன். விதி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

விலை. மூவாயிரம், நாலாயிரத்தில் கிடைப்பவை பெரும்பாலும் இரும்புக் குழாய். மாலுக்குள் தள்ள ஆகும். கடற்காற்றில் இரண்டு மழைக்காலம் போனால் ரிவெட் துருப்பிடிக்கும். ஏழாயிரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் வரை லவ்லேப், ஆர் ஃபார் ராபிட் போன்ற நம் நாட்டு பிராண்டுகளிலேயே பெட்டி மடிப்பு வண்டிகள் கிடைக்கின்றன. எந்த மாடல் என்று கேட்காதீர்கள், ஒரே பெயரில் வருடத்துக்கு வருடம் சக்கரத்தை மாற்றிவிடுகிறார்கள். முப்பதாயிரத்துக்கு மேல் போகும் இறக்குமதி வண்டிகள் உண்மையிலேயே நன்றாக ஓடுகின்றன, பொய் சொல்லமாட்டேன். ஆனால் பாண்டி பஜாரை விட்டு இறங்கியதும் அந்த வண்டிக்கும் அதே பள்ளம்தான்.

உங்கள் பட்ஜெட்டில் என் விருப்பம் என்ன தெரியுமா? பழைய வண்டி. முன்பே சொன்னேன், பாதி வண்டிகள் தேயாமலே கிடக்கின்றன. பதினெட்டாயிரத்துக்கு வாங்கி எட்டே முறை வெளியே எடுத்தது, ஏழாயிரத்துக்கு வரும். பத்து முறை மடித்து விரித்துப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் பூட்டு டக் என்று விழ வேண்டும். பெல்ட் கொக்கி தானாகக் கழலக் கூடாது. துணியைக் கழற்றி உள்பக்கம் மோந்து பாருங்கள், பூஞ்சை பிடித்திருந்தால் மூக்கு சொல்லிவிடும். சட்டத்தில் விரிசலோ ஒட்டுவேலையோ தெரிந்தால் என்ன விலை சொன்னாலும் விட்டுவிடுங்கள்.

புதிதோ பழையதோ, நான் உங்கள் வீட்டுக்குத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால் இப்படித்தான் இருக்கும்: அலுமினியச் சட்டம், பெட்டி மடிப்பு, தோள்பட்டை, தராசில் ஆறிலிருந்து ஏழு கிலோ, ஒரே கைப்பிடி, ஆறு அங்குலத்துக்குக் குறையாத ஒற்றை முன்சக்கரம், செருப்புக் காலுக்கு ஏற்ற பிரேக், பதினைந்து கிலோ வரை தாங்கும் என்ற குறிப்பு. பதினைந்து கிலோ என்றால் ஏறக்குறைய மூன்று வயது வரை. அதற்குள் பிள்ளை "நானே தள்றேன்" என்று வண்டியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும்.

கீழ்வீட்டுக்காரர் சம்மதித்தால் மாடிப்படிக்கு அடியில் ஒரு கொக்கி அடித்து, சைக்கிள் பூட்டுப் போட்டு அங்கேயே தொங்கவிடுங்கள். தினமும் ஏற்றி இறக்குகிற வேலை மிச்சம். என்னிடம் வரும் இரண்டாம் மாடி, மூன்றாம் மாடிக்காரர்களில் வண்டியை உண்மையிலேயே பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் கீழே வைக்க இடம் கிடைத்தவர்கள்தான்.

குழந்தையைப் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் "என்ன வாங்கட்டும்?" என்று கேட்பார்கள். எட்டாவது கவுனுக்குப் பதிலாக வண்டிக்கு ஆளுக்குக் கொஞ்சம் போடச் சொல்லுங்கள், தாய்மாமனிடம் கூச்சமில்லாமல் கேட்கலாம். வாக்கர் மட்டும் வாங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். படியில் உருண்டு விழுந்த குழந்தைகள் அதிகம் என்று கனடா 2004இலேயே அதைத் தடை செய்துவிட்டது. இரண்டாம் மாடியில் உங்களுக்கு அது தேவையே இல்லை.

வாங்கிய பின் சக்கரம் இழுத்தால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும், மூன்றாம் நாள் தூசு ஒட்டிப் பிசுபிசுத்து அடியோடு நின்றுவிடும். முதலில் சக்கரத்தைக் கழற்றி அச்சைப் பாருங்கள். தலைமுடியும் தையல் நூலும் பந்தாகச் சுற்றியிருக்கும். பிளேடால் அறுத்து எடுத்துத் துடைத்தால் போதும், என்னிடம் கொண்டுவர வேண்டியதில்லை.